பதினாறு ஆண்டு, ஐந்து லட்சம்

குற்றமற்றவரைச் சிறையில் அடைத்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு அரசு அவருக்கு என்ன தர வேண்டும்? இந்தியாவில் அதைச் சொல்லும் சட்டம் இல்லை. தீர்ப்பு எழுதும் நீதிபதியின் மனமே அளவுகோல்.

2019ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுதலை செய்தது. ஆறு பேரும் மகாராஷ்டிரத்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த பரம ஏழைகள். கூலி வேலை செய்து வயிறு வளர்த்தவர்கள். 2003இல் கைதானவர்கள் வெளியே வந்தபோது 16 ஆண்டுகள் போயிருந்தன. அதில் பெரும் பகுதி தூக்குக் கயிற்றின் நிழலில் கழிந்தது. அவர்களில் ஒருவர், குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட நாளில் பதினெட்டு வயதுகூட நிரம்பாதவர்.

கீழ்க் கோர்ட்டுகளின் பிழையை உச்ச நீதிமன்றம் திருத்துவது தினந்தோறும் நடப்பதுதான். இந்த வழக்கின் விசேஷம் வேறு. அன்று திருத்தப்பட்டது உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்பு.

2003 ஜூன் 5ஆம் தேதி இரவு. நாசிக் மாவட்டத்தில், தோட்டத்துக் குடிசை ஒன்றில் வசித்த விவசாயக் குடும்பத்தின் மீது ஒரு கும்பல் பாய்ந்தது. ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். படுகாயங்களுடன் தாயும் ஒரு மகனும் தப்பினார்கள். கேட்டவர்கள் பதறிப்போன குற்றம். யாரையாவது பிடித்தாக வேண்டிய நெருக்கடி போலீசுக்கு.

பிடித்தார்கள். 2006இல் நாசிக் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை உறுதி செய்து, மற்ற மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு படி மேலே போனது. அந்த மூவருக்கும் மறுபடி தூக்கு. சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம், 2018 அக்டோபரில் அந்தச் சீராய்வு மனுவை மறுபடி திறந்து, வழக்கை ஆரம்பத்திலிருந்து கேட்க உச்ச நீதிமன்றம் சம்மதித்ததுதான். நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, எஸ். அப்துல் நசீர், எம்.ஆர். ஷா மூவரும் ஆவணங்களைப் புரட்டியபோது கண்டது இது: உயிர் தப்பிய தாயிடம், சம்பவம் நடந்து இரண்டு நாட்களுக்குள் போலீஸ் தங்கள் பதிவேட்டிலிருந்த பழைய குற்றவாளிகளின் புகைப்படங்களைக் காட்டியிருக்கிறது. அவர் நான்கு பேரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நான்கு பேரில் ஒருவர்கூடப் பிற்பாடு தூக்குத் தண்டனை பெற்ற ஆறு பேரில் இல்லை. அந்த நால்வரை ஏன் பிடிக்கவில்லை, ஏன் விசாரிக்கவில்லை என்பதற்கு அரசுத் தரப்பிடம் பதில் இல்லை.

இந்த ஆவணம் 2019இல் திடீரென்று முளைத்த ஒன்றல்ல. வழக்கு ஆவணங்களிலேயே இருந்தது. விசாரணை நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத்தில் இருவர், உச்ச நீதிமன்றத்தில் இருவர் என்று குறைந்தது ஐந்து நீதிபதிகளின் மேஜையைக் கடந்து வந்த வழக்கு இது.

மூன்று நீதிபதிகளும் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஆறு பேருக்கும் தலா ரூ. 5 லட்சத்தை மகாராஷ்டிர அரசு நான்கு வாரங்களுக்குள் தர வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் அவர்களுடைய மறுவாழ்வுக்குச் செலவாவதை செஷன்ஸ் கோர்ட் கவனித்துக்கொள்ள வேண்டும், தவறிழைத்த போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

பதினாறு வருடத்துக்கு ஐந்து லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ரூபாய். ஏன் ஐந்து? ஏன் மூன்றோ ஐம்பதோ அல்ல? இழந்த கூலியைக் கணக்கிட்டார்களா, தனிக்கொட்டடியில் கழிந்த நாட்களையா, பெற்றோரும் பிள்ளைகளும் பட்ட பாட்டையா? அப்படி ஒரு கணக்கு எதுவும் தீர்ப்பில் இல்லை.

முப்பத்தைந்தாயிரம் ரூபாயின் கதை

இழப்பீடு என்ற பேச்சே இந்தியக் கோர்ட்டுகளில் எழாத ஒரு காலம் இருந்தது. அதை மாற்றியவர் பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா.

1968 ஜூன் 3ஆம் தேதி முசாபர்பூர் செஷன்ஸ் கோர்ட் ருதுல் ஷாவை விடுதலை செய்தது. ஆனால் ஜெயில் அவரை விடவில்லை. ஒரு வாரமோ ஒரு மாதமோ அல்ல, பதினான்கு ஆண்டுகள். ஆட்கொணர்வு மனு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1982 அக்டோபர் 16ஆம் தேதி கதவு திறந்தது. விசாரித்தபோது பீகார் அரசு சொன்ன காரணம்: விடுதலையான சமயத்தில் அவர் சித்த சுவாதீனம் இல்லாமல் இருந்தார். சரி, எப்போது குணமானார்? அரசின் காகிதமே பதில் சொன்னது. 1977 பிப்ரவரியில் டாக்டர் அவர் நன்றாக இருப்பதாகச் சான்று கொடுத்து, அந்தத் தகவல் சட்டத் துறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகும் ஐந்தரை ஆண்டுகள் அந்தக் காகிதம் எந்த மேஜையில் உறங்கியது என்று யாரும் சொல்லவில்லை. உண்மையிலேயே மனநிலை சரியில்லாதவராக இருந்தார் என்பதை நம்பவும் நீதிபதிகள் தயாராக இல்லை.

1983 ஆகஸ்ட் 1 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் அமர்வு கொடுத்த தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆட்கொணர்வு மனுவில் ஆளை விடுவிக்கத்தான் அதிகாரம், பணம் கேட்க வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்பது அதுவரை இருந்த வழக்கம். அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமை பறிக்கப்பட்ட பிறகு, இனி விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்வது அந்த உரிமைக்கு வாய்வார்த்தையால் மரியாதை செய்வதாகும் என்று நீதிமன்றம் கருதியது. மீறியவனின் மடியில் கை வைத்தால்தான் உறைக்கும். அரசு ஏற்கெனவே கொடுத்திருந்த ரூ. 5,000 போக, மேலும் ரூ. 30,000 தரச் சொன்னது.

ஆக மொத்தம் 35,000. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. இது இடைக்கால நிவாரணம்தான், முழு நஷ்ட ஈட்டுக்கு சிவில் வழக்குப் போடும் உரிமை மனுதாரருக்கு உண்டு என்று நீதிபதிகளே எழுதியிருக்கிறார்கள். தொகை சிறியது. ஆனால் கதவு பெரிது. அந்தக் கதவு வழியாகப் பலர் வந்தார்கள். சட்டமன்றக் கூட்டத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கப்பட்ட ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்குக்கு 1985இல் ரூ. 50,000 கிடைத்தது. போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒரிசாத் தாய் நீலாபதி பெஹேராவுக்கு 1993இல் ரூ. 1.5 லட்சம். அடிப்படை உரிமையை அரசு மீறினால், அரசுக்கு விலக்கு உண்டு என்ற பழைய வாதம் செல்லாது என்று அந்த 1993 தீர்ப்பு திட்டவட்டமாகச் சொன்னது.

மறுத்ததும் கொடுத்ததும்

அப்படியானால் சட்டம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். மூன்று வருடங்களுக்குள் உச்ச நீதிமன்றம் கொடுத்த மூன்று முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

முதலாவது 2016. குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் 2002இல் நடந்த தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரை 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருந்தது. மூவர் தூக்குத் தண்டனைக் கைதிகள். விசாரணை நடந்த விதத்தை அந்தத் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. பொடா சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர அனுமதி கொடுத்தபோது மாநில உள்துறை மனத்தைச் செலுத்திப் பார்க்கவே இல்லை என்றது. (மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளிவந்த அதே நாள் என்பதால் மறுநாள் பத்திரிகைகளில் இந்தச் செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.) விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டு வந்தார்கள். 2016 ஜூலையில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ஆர். பானுமதி அமர்வு அதை ஏற்கவில்லை. விடுதலையாவதாலேயே ஒருவர் இழப்பீட்டுக்கு உரியவராகிவிட மாட்டார், அப்படிக் கொடுத்தால் அது ஆபத்தான முன்னுதாரணமாகிவிடும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இரண்டாவது 2018. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனின் வழக்கு. ராக்கெட் ரகசியங்களை விற்றார் என்று 1994 நவம்பரில் கேரளப் போலீஸ் அவரைக் கைது செய்தது. ஐம்பது நாள் காவல். 1996இல் சி.பி.ஐ. இது பொய் வழக்கு என்றது. 1998இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 2001இல் தேசிய மனித உரிமை ஆணையம் ரூ. 10 லட்சம் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ரூ. 50 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது; சதி செய்தவர்கள் யார் என்று பார்க்க நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. அவர் தொடுத்திருந்த சிவில் வழக்கை முடித்துக்கொள்ள 2020இல் கேரள அரசு மேலும் ரூ. 1.3 கோடி கொடுத்தது. அந்த 2018 அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் தீபக் மிஸ்ராதான். உடன் அமர்ந்தவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட். ருதுல் ஷா தீர்ப்பை எழுதியவரின் மகன்.

மூன்றாவது, முதலில் பார்த்த நாசிக் வழக்கு. ரூ. 5 லட்சம்.

நம்பி நாராயணனுக்குக் கிடைத்தது அதிகம் என்று மனசாட்சியுள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு விஞ்ஞானியின் பெயர், பணி, குடும்பத்தின் நிம்மதி எல்லாம் பாழாகி, 24 ஆண்டுகள் கோர்ட் கோர்ட்டாக அலைந்த பிறகு வந்த பணம் அது. ஆனால் அவரால் அலைய முடிந்தது. ஆங்கிலத்தில் வாதாட முடிந்தது, அவருக்காகப் பேச நாடறிந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். தூக்குக் கொட்டடியில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி வக்கீல் கிடைத்தாலே பெரிது. அக்ஷர்தாம் வழக்கில் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, பதினாறு ஆண்டு இருந்தவர்களுக்கு ஐந்து லட்சம், ஐம்பது நாள் இருந்தவருக்கு ஐம்பது லட்சம் என்றால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள சூத்திரம் எது? தேடிப் பயனில்லை. சூத்திரமே இல்லை.

சட்டப் புத்தகத்தில் இருப்பது

இருக்கும் சட்டங்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆதாரமில்லாமல் ஒருவரைக் கைது செய்யவைத்தால் இழப்பீடு வாங்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 358ஆவது பிரிவு சொன்னது. உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். கொடுக்க வேண்டியது போலீசோ அரசோ அல்ல. புகார் கொடுத்துக் கைது செய்யவைத்த ஆள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே பிரிவுக்கு 399 என்று எண் மாறியது. ஆயிரம் ரூபாய் மாறவில்லை. அடிப்படையில்லாத குற்றச்சாட்டுக்கு மாஜிஸ்திரேட் இழப்பீடு வாங்கித் தரும் இன்னொரு பிரிவும் உண்டு. அதன் அளவு, அந்த மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதத் தொகையைத் தாண்டக் கூடாது. தூக்கு மேடை வரை போகும் வழக்குகளுக்கு அதனால் என்ன பயன்?

சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். தீய நோக்கத்துடன் வழக்குத் தொடுத்ததற்காக நஷ்ட ஈடு கேட்கலாம். போலீசின் மனத்தில் தீய நோக்கம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் ஜெயிலிலிருந்து வந்தவர். கேட்கும் தொகைக்கு ஏற்ப முன்கூட்டியே கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலவரையறைச் சட்டப்படி இந்த வழக்கை ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். பதினாறு வருடம் உள்ளே இருந்துவிட்டு வருபவர் வீடு இருக்கிறதா, ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும் ஓராண்டு அது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் நிதி ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2009 முடிவில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் அரசின் கையாலேயே பாதிக்கப்பட்டவர் அதில் சேர்த்தி இல்லை.

1979இல் இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசக் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆவது பிரிவு, நீதி தவறித் தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும் என்கிறது. சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு தரும் 9ஆவது பிரிவைப் பற்றி, அப்படியோர் உரிமை எங்கள் சட்ட அமைப்பில் கிடையாது என்று இந்தியா அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டது. 14ஆவது பிரிவைப் பற்றி அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. அதை நிறைவேற்றச் சட்டமும் செய்யவில்லை.

யாருடைய பிழை?

ஆங்கிலத்தில் இதை 'மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்' என்பார்கள். மொழிபெயர்க்கும்போது 'நீதி பிழைத்தல்' என்று எழுதலாம். தமிழில் பிழைத்தல் என்றால் தவறு செய்வது, உயிர் தப்புவது இரண்டும்தான். நாசிக் வழக்கில் இரண்டு பொருளும் ஒன்றாகவே நடந்திருக்கின்றன.

ஆனால் 2019 தீர்ப்பைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. போலீசின் தவறு விரிவாகப் பேசப்படுகிறது. அரசு வக்கீல் தரப்பின் நேர்மைக் குறைவும் பேசப்படுகிறது. அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவும் இருக்கிறது. கையிலிருந்த ஆவணத்தைக் கவனிக்காமல் தூக்கு எழுதிய நீதிமன்றங்களின் பங்கு என்ன என்பதற்கு மட்டும் அந்த அளவுக்கு இடமில்லை.

நம் இலக்கியத்தில் நீதி பிழைத்த கதை என்றால் கோவலனுடையது. பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டான் என்று மேடை தவறாமல் பேசுவோம். அதற்குப் பின் நடந்ததை யாரும் பேசுவதில்லை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் இருக்கிறது அது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகச் சொல்லி ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். தீர்ப்புச் சொன்னவன் அரசன். பழி முழுவதும் போய் விழுந்தது தகவல் சொன்னவனின் குலத்தின் மீது. இழப்பீடு என்று பார்த்தால் கண்ணகிக்குக் கிடைத்தது அதுதான்.

நீதிபதிகளை யாரும் பலியிடச் சொல்லவில்லை. நீதிபதி அச்சமின்றித் தீர்ப்பெழுத வேண்டும் என்பதற்காகத்தான் 1850ஆம் ஆண்டுச் சட்டமும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் அவருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தருகின்றன. அது தேவை. பிழைபட்ட தீர்ப்புக்கெல்லாம் நீதிபதி தன் பையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்றால், சிக்கலான வழக்கை யார் கேட்பார்கள்? ஆனால் நீதிபதிக்குப் பாதுகாப்பு என்பதும், கோர்ட்டின் பிழைக்கு அரசு பொறுப்பில்லை என்பதும் ஒன்றாகிவிடாது. ரயில் கவிழ்ந்தால் டிரைவர் மீது தவறு இருக்கிறதா என்று பார்த்தா ரயில்வே இழப்பீடு கொடுக்கிறது?

நீதிமன்றத்தின் பிழை என்பது கற்பனையல்ல. அது எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி என்பவரின் வழக்கில், தூக்கு விதிக்கக் குற்றத்தின் கொடூரத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியின் நிலைமையைப் பார்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 1996இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு, தனக்கு முந்தைய ஐந்து நீதிபதி அமர்வின் தீர்ப்பைக் கவனிக்காமல் எழுதப்பட்டது என்று 2009 மே 13 அன்று உச்ச நீதிமன்றமே சொன்னது. ராவ்ஜி குற்றவாளியா என்பதில் சந்தேகம் எழவில்லை. தண்டனைதான் தவறான அடிப்படையில் விதிக்கப்பட்டது. நாசிக் கூலிகளுக்குத் தூக்கு விதித்த தீர்ப்பும் ராவ்ஜியைத்தான் பின்பற்றியது. தேதியைப் பாருங்கள்: ஏப்ரல் 30. இரண்டே வாரம் முன்னதாக. இப்படித் தவறான முன்னுதாரணத்தால் தூக்குக் கொட்டடிக்குப் போன 13 பேரின் தண்டனையைக் குறையுங்கள் என்று 2012இல் ஓய்வு பெற்ற 14 நீதிபதிகள் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்.

ஒரு மசோதாவின் கதி

இதற்கெல்லாம் சட்டம் செய்யும் யோசனை வராமல் இல்லை. 2017 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பல ஆண்டு சிறையில் கிடந்து நிரபராதிகளாக வெளிவருபவர்களுக்கு என்ன வழி என்று கேட்டு, சட்ட ஆணையம் இதை ஆராய வேண்டும் என்றது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி எஸ். முரளிதர், சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். 2018 ஆகஸ்டில் நீதிபதி பி.எஸ். சௌஹான் தலைமையிலான சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையைக் கொடுத்தது. மாவட்டந்தோறும் தனி நீதிமன்றம், சுருக்கமான விசாரணை, பணத்துடன் மனநல ஆலோசனை, தொழில் பயிற்சி போன்ற உதவிகள், அரசு கொடுத்துவிட்டுப் பிறகு தவறு செய்த அதிகாரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் வரைவு மசோதாவையே எழுதிக் கொடுத்தார்கள்.

நல்ல அறிக்கை. ஆனால் அதன் தலைப்பிலேயே ஓர் எல்லை இருக்கிறது. ஆணையம் எடுத்துக்கொண்ட அளவுகோல் 'தவறாக வழக்குத் தொடுத்தல்'. போலீசோ அரசு வக்கீலோ தீய எண்ணத்துடன் அல்லது நல்லெண்ணமின்றிச் செயல்பட்டிருந்தால் இழப்பீடு. போலீஸ் யோக்கியமாகவே நடந்து, சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டி, நீதிபதியும் சாட்சியத்தைத் தவறாக எடை போட்டு ஒருவரைப் பத்தாண்டு உள்ளே தள்ளினால்? அவருக்கு அந்த மசோதாவில் இடம் கிடைப்பது கஷ்டம். பாதிக்கப்பட்டவருக்குப் பத்தாண்டு பத்தாண்டுதான்.

அந்த அளவுக்காவது சட்டம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 2023இல் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதியது. பெயர், எண், வரிசை எல்லாம் மாறின. சட்ட ஆணையம் எழுதித் தந்த அந்த அத்தியாயம் மட்டும் சேரவில்லை.

தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. நம் கோர்ட்டுகளில் விடுதலையாகும் எல்லோரும் நிரபராதிகள் அல்ல. சாட்சி பல்டி அடிக்கிறார், ஆவணம் காணாமல் போகிறது, சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகிறது. பணபலத்தால் சாட்சியை மடக்கியவருக்கும் மக்கள் வரிப்பணத்திலிருந்து இழப்பீடா? 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆபத்து இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணிக்கையும் மலைக்க வைப்பது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. இங்கிலாந்து கறாராக இருக்கிறது: 2014 திருத்தத்துக்குப் பிறகு, தான் குற்றம் செய்யவில்லை என்பதைப் புதிய ஆதாரம் சந்தேகத்துக்கிடமின்றிக் காட்டினால்தான் பணம். பதினேழு ஆண்டு செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஒருவரின் வழக்கால் 2023இல் அங்கே பெரிய கொந்தளிப்பு எழுந்தது; இழப்பீட்டிலிருந்து சிறையில் தங்கிச் சாப்பிட்ட செலவைக் கழித்துக்கொள்ளும் விதி அப்போதுதான் எடுக்கப்பட்டது. அதுவரை அப்படி ஒரு விதி இருந்திருக்கிறது என்பதே பலருக்கு அதிர்ச்சி. ஜெர்மனியில் 2020 முதல் நாளொன்றுக்கு 75 யூரோ, பொருள் நஷ்டம் தனி. அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் ஆண்டுக்கு 50,000 டாலர் வரையும், மரண தண்டனைக் கைதியாக இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு லட்சம் டாலர் வரையும் அனுமதிக்கிறது. ஜப்பானில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 12,500 யென். ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து 2024இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்ட முன்னாள் குத்துச்சண்டை வீரர் இவாவோ ஹகமதாவுக்கு அந்தக் கணக்குப்படியே 2025 மார்ச்சில் 21 கோடி யென்னுக்கு மேல் கிடைத்தது. தொகைகள் போதுமா என்பது வேறு விஷயம். அங்கே ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்குக் காகிதத்தில் கூட்டிப் பெருக்கிக் காட்ட முடிகிறது.

சுருளி அருவி வழக்கு

2025 ஜூலை 15. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்து, மதுரைக் கிளை அதை உறுதி செய்திருந்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகளைக் கண்டு, இனி நாடு முழுவதும் அவற்றை எப்படி எடுக்க வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்று நெறிமுறைகளையும் வகுத்தது.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் இழப்பீட்டைப் பற்றியும் பேசினார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு அரசுகள் பணம் கொடுப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லாததையும் 277ஆவது அறிக்கையையும் குறிப்பிட்டு, முடிவெடுக்க வேண்டியது சட்டம் இயற்றும் மன்றம் என்று விட்டுவிட்டார்கள். நாசிக் வழக்கில் பயன்பட்ட 142ஆவது பிரிவு இங்கே பயன்படவில்லை. அவருக்கு ஒரு ரூபாயும் உத்தரவாகவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2025 அக்டோபரில், தூக்குத் தண்டனையிலிருந்து விடுதலையான மூன்று பேர் தங்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். சுருளி வழக்கில் விடுதலையானவரும் அவர்களில் ஒருவர். விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு மனுக்களை எடுத்துக்கொண்டு, அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும் இதில் நீதிமன்றத்துக்கு உதவ வேண்டும் என்று கேட்டது. மனுதாரர்கள் வாழ்வுரிமைப் பிரிவை நம்பி வந்திருக்கிறார்கள். 1983இல் ருதுல் ஷாவுக்காகத் திறக்கப்பட்டதும் அதே பிரிவுதான். வித்தியாசம் ஒன்று: ருதுல் ஷாவை விடாமல் வைத்திருந்தது ஜெயில். இவர்களைத் தண்டித்தது கோர்ட்.